மிஸ்டு கால் பெட்டி

லீமாவின் போன் ஒரு தடவை அடித்து நின்றது. அவள் எடுப்பதற்குள் மறுபடி ஒரு தடவை. மூன்றாவதாக அடித்தபோது அவளுடைய அண்ணன் சஜின் குறுக்கே வந்து அதைப் பிடுங்கிச் சுவரில் ஓங்கி அறைந்தான். பேட்டரி கட்டிலுக்கு அடியில் போனது. மூடி மீன்குழம்புச் சட்டிக்குள் விழுந்தது.

"ஆருட்டி அவன்?"

"அண்ணா, அது ஆளில்ல. ஆஸ்பத்திரிப் பெட்டி. மூணு தடவ அடிச்சா..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அறை விழுந்தது. இடது காதுக்குள் ஒரு விசில் சத்தம் ஏறி நின்றது.

"பெட்டி போன் அடிக்குமாம்! காலத்தேருந்து கேட்டுட்டுதான் இருக்கேன். திருப்பி அடிச்சும் பாத்தாச்சு. எடுத்தவன் பேசாம கட் பண்ணுதான். ஒண்ணு அடிச்சா உன்ன நெனைக்கேன், மூணு அடிச்சா எறங்கி வா. எனக்குத் தெரியாத பாஷையாட்டி இது?"

அவனுக்கு நன்றாகத் தெரிந்த பாஷைதான். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பாதிப் பேச்சு மிஸ்டு காலில்தான் நடந்தது. வள்ளம் கரையை நெருங்கும்போது ஆண்கள் ஒரு ரிங் விடுவார்கள், வீட்டுப் பெண்கள் பாத்திரத்தோடு இறங்குவார்கள். சஜின் தன் மனைவி ஜெனிலாவைப் பிடித்ததும் அப்படித்தான். ஒரு ரிங் என்றால் நினைப்பு. மூன்று என்றால் சிலுவை நிற்கும் குருசடிக்குப் பின்னால் நிற்கிறேன் என்று அர்த்தம். கல்யாணத்தன்று இதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது.

லீமா வேலை பார்த்த தனியார் மருத்துவமனையிலும் அதே பழக்கம் வேறு வேஷத்தில் நுழைந்திருந்தது. அதற்கு நாகர்கோவிலில் பெரிய கட்டடம், மணவாளக்குறிச்சியில் சின்னக் கிளை. நாகர்கோவில் கம்ப்யூட்டரில் நோயாளியைப் பற்றி எதை எழுதினாலும் அடுத்த நொடியில் கிளையிலுள்ள கம்ப்யூட்டரில் அதன் நகல் வந்து உட்காரும். கிளை டாக்டர்கள் அந்த நகலைப் பார்த்துத்தான் வைத்தியம் செய்தார்கள். நகல் எடுக்கும் மென்பொருளை நிறுவியவன் ஸ்டெனி, கொட்டாரம் ஊர்க்காரன். பராமரிப்பது லீமா. தகராறு வந்தால் எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்று முதலில் வைத்தார்கள். அது சில நாள் சாவகாசமாக வந்து சேர்ந்தது. பிறகு ஸ்டெனி ஒரு மோடம் பெட்டியில் சிம் கார்டைச் செருகி, "நம்ம ஊரு வழிதான் கொள்ளாம்" என்று சிரித்தான். நகல் பின்தங்கினால் ஒரு மிஸ்டு கால். அடியோடு நின்றுபோனால் தொடர்ந்து மூன்று. மறுபடி ஓடிச் சமமாகிவிட்டால் எடுக்கும்வரை அடிக்கும். அவன் போனுக்கும் வரும், அவள் போனுக்கும் வரும். சிம் அவன் பெயரில் வாங்கியது. அதனால் அந்த எண்ணை அவள் 'ஸ்டெனி 2' என்று சேமித்து வைத்திருந்தாள்.

அந்தப் பெயர்தான் இப்போது சஜினின் கண்ணில் பட்டிருந்தது.

"ரெண்டு நம்பர் வச்சிப் பேசுதான் அந்தக் கொட்டாரத்துக்காரன். ஒனக்குப் பேசி வச்ச மாப்பிள்ள பஹ்ரைன்ல கெடந்து வேகுதான். ஊருல ஒருத்தன் மொகத்துல நான் முழிக்க முடியுமா?"

அவன் லீமாவின் கூந்தலைச் சுற்றிப் பிடித்திருந்தபோது ஜெனிலா உள்ளே வந்தாள். ஏழு மாத வயிறு. காலையில் நாகர்கோவில் போய் ஸ்கேன் எடுத்துவிட்டு, பேருந்திலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தாள். குடையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து இருவருக்கும் நடுவே புகுந்தாள்.

"விடும் வோய் அவள! பைத்தியமா புடிச்சிருக்கு?"

"நீ தள்ளு."

"தள்ள மாட்டேன். என்ன அடியும், பாக்கலாம்."

அவன் அடிக்கவில்லை. ஒரு கையால் ஒதுக்கினான், கடலில் வலை இழுத்த கையால். ஜெனிலா பின்னால் போய் வாசல்படியின் விளிம்பில் இடுப்பு மோத விழுந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பைக் உறுமும் சத்தமும் அவன் குரலும் சேர்ந்தே கேட்டன. "இன்னைக்கு அவன் வாயில பல்லு இருக்காது."

லீமா ஓடிப்போய் மைனியைத் தூக்கினாள். தூக்கிய கை சூடாக நனைந்தது. படியில் சிவப்புக் கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டு மரியஜான் ஆட்டோவை எடுத்தார். ஜெனிலாவின் தலை லீமாவின் தோளிலும் உடல் மடியிலும் கிடந்தன. "ஏட்டி, பிள்ள அனங்கல்ல, அசைவே இல்ல" என்று ஒரு முறை சொன்னாள். பிறகு பல் கிட்டிக்கொண்டது. மணல் ஆலை லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நெளிந்தது. காதிலிருந்த விசிலுக்கு ஊடே லீமாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்று தடவை அடித்தது. நகல் நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதும் அவளுக்குத் தெரியும். மென்பொருள் தான் செய்வதையெல்லாம் லாக் கோப்பில் எழுதி வைக்கும். பிழையை மட்டும் எழுது என்றும் சொல்லலாம், ஒன்று விடாமல் எழுது என்றும் சொல்லலாம். சோதனைக்காக ஒன்று விடாமல் எழுத வைத்திருந்தார்கள். "வேலை முடிஞ்சா கொறச்சி வச்சிரு லீமா, இல்லன்னா டிஸ்க்க தின்னு தீத்துரும்" என்று ஸ்டெனி சொல்லியிருந்தான். முந்தின நாள் இரவு அவள் கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டு வந்தாள். லாக் வளர்ந்து வளர்ந்து இடத்தையெல்லாம் விழுங்கியிருக்கும். காலையிலிருந்து ஒற்றை ரிங்காக வந்தபோது, இன்று விடுமுறைதானே, ஸ்டெனி பார்த்துக்கொள்வான் என்று அவள் இருந்துவிட்டாள். காலையிலிருந்து நாகர்கோவிலில் எழுதியது எதுவும் கிளைக்கு வந்திருக்காது. ஜெனிலாவின் ஸ்கேனும் வந்திருக்காது.

பிரசவ அறை வாசலில் பகவதி டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கையுறை மாட்டினார். "அஞ்சாம் மாச ஸ்கேன் நார்மல்னு இருக்கு. உள்ள சோதிச்சுப் பாத்திரலாம், கருப்பை வாய் திறந்திருக்கான்னு."

"டாக்டர், தொடாதீங்க!" லீமா கத்தியதில் தாதி ஜெபகுமாரியின் கையிலிருந்த தட்டு நழுவியது. "ஸ்கிரீன நம்பாதீங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் வரல. மைனி இன்னைக்குத்தான் நாகர்கோவில்ல ஸ்கேன் எடுத்தா. அது இதுல இல்ல."

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. "படம் எங்க?"

"வீட்டுல விழுந்து கெடக்கும். ரிப்போர்ட்ட அவங்க கம்ப்யூட்டர்லதான் அடிப்பாங்க."

"இங்க ஸ்கேன் பாக்கிறவர் இன்னைக்கு வரமாட்டார்." டாக்டர் ஜெனிலாவின் வெளுத்த உதடுகளைப் பார்த்தார். "நஞ்சுக்கொடி கீழ எறங்கிக் கருப்பை வாசல மறைச்சிருந்தா, என் விரல் பட்டதும் ரத்தம் குழாய் மாதிரி கொட்டும். எங்கிட்டயே செத்துருவா. இல்லன்னா, வயித்தக் கிழிக்காம காப்பாத்த முடியற கேஸு இது. எதுன்னு தெரியாம நான் எத செய்ய? ஜெபகுமாரி, நாகர்கோவிலுக்குப் போனப் போடு."

"அடிச்சிட்டுதான் இருக்கேன் டாக்டர். ஸ்கேன் ரூம்ல ஆரும் எடுக்கல்ல."

"அப்ப அந்த ரிப்போர்ட்ட வர வை. சீக்கிரம். இவளுக்கு நேரம் இல்ல."

மருந்துக்கடைக்குப் பின்னாலிருந்த கம்ப்யூட்டர் அறைக்கு லீமா ஓடினாள். வாசலில் காவலாளி ஞானசிங் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "உள்ள போவாத மக்களே. ஒன் அண்ணன் கொன்னுட்டு இருக்கான்."

கண்ணாடிக் கதவுக்குள் ஸ்டெனி தரையில் கிடந்தான். நின்றுபோன நகலைச் சரிசெய்ய வந்து உட்கார்ந்தவனை நாற்காலியோடு சாய்த்திருந்தான் சஜின். கீபோர்டு இரண்டாக உடைந்து, எழுத்துப் பொத்தான்கள் பல்லைப் போலச் சிதறிக் கிடந்தன. அவற்றோடு நிஜமான பல் ஒன்றும் கிடந்தது. சஜின் ஸ்டெனியின் மார்பில் முழங்காலை ஊன்றி, ஹெல்மெட்டைத் தலைக்கு மேலே தூக்கி இறக்கினான். சட்டென்று முறியும் ஒரு சத்தம். ஸ்டெனியின் தாடை ஒரு பக்கமாக இறங்கியது.

"இனி மிஸ்டு கால் அடிப்பியாலே? அடிப்பியா?"

லீமா அவன் கையில் தொங்கினாள். அவன் உதறியதில் அலமாரியில் மோதி விழுந்தாள். எழுந்தபோது அவள் கையில் பழைய யூ.பி.எஸ். ஒன்றின் இரும்பு மூடி இருந்தது. எப்படி எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அதன் முனையால் அண்ணனின் காதோடு சேர்த்து அடித்தாள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். விரல்களுக்கு நடுவே ரத்தம் வந்தது.

"என்னையா அடிச்ச? கூடப்பொறந்தவன?"

"இன்னும் அடிப்பேன். இத பாரு!" அவள் தன் சுடிதாரின் மடியை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினாள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "இது ஆரு ரத்தம்னு நெனைக்க? ஒம் பெண்டாட்டி ரத்தம். நீ தள்ளின தள்ளுல வந்தது. மேல கெடக்கா. இந்தப் பெட்டி ஓடினாத்தான் பொழைப்பா. என்னக் கொல்லணும்னா பொறவு கொல்லு. இப்ப தள்ளு."

சஜின் அவள் மடியையே பார்த்தான். ஹெல்மெட் கையிலிருந்து உருண்டது.

அலமாரியில் இருந்த வேறொரு கீபோர்டைச் செருகி லீமா உட்கார்ந்தாள். திரை கடவுச்சொல் கேட்டது. அன்று காலைதான் ஸ்டெனி அதை மாற்றியிருந்தான். அவளுக்குத் தெரியாது. அவள் குனிந்து பார்த்தாள். ஸ்டெனியால் வாயைத் திறக்க முடியவில்லை. மேசைக் காலைப் பிடித்து எழுந்து, அவள் தோளில் சாய்ந்தபடி ஒரு கையால் தட்டினான். அவன் தாடையிலிருந்து வடிந்தது அவள் கழுத்து வழியே இறங்கியது. கடைசி எழுத்தைத் தட்டிவிட்டு அப்படியே தரையில் சரிந்தான்.

டிஸ்க் நிரம்பியிருந்தது. ஊசி முனை அளவு இடமில்லை. அவள் பழைய லாக் கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அமைப்புகளைத் திறந்து, 'எல்லாவற்றையும் எழுது' என்றிருந்ததைப் 'பிழை மட்டும்' என்று மாற்றினாள். முந்தின நாள் செய்திருக்க வேண்டியது. அவ்வளவு சின்ன வேலை. நகல் மென்பொருளை மறுபடி ஓடவிட்டாள். திரை சும்மா இருந்தது. பிறகு வரிகள் வர ஆரம்பித்தன. காய்ச்சல்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், விரல் நசுங்கியவர்கள், நாகர்கோவிலின் அன்றைய காலை முழுவதும் வரிசையாக இறங்கியது. லீமா மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு, "வா, வா, வா" என்றாள்.

ஜெனிலாவின் பெயர் வந்தது.

அவள் உள்தொலைபேசியில் படித்தாள். "டாக்டர், நஞ்சுக்கொடி முழுசா கீழ எறங்கி வாசல மூடிட்டு கெடக்கு. உள்சோதனை கூடாதுன்னு போட்டிருக்கு." மறுமுனையில் டாக்டர் ஒரு வார்த்தைதான் சொன்னார். "தியேட்டர்." ரிசீவர் விழும் சத்தம் கேட்டது.

அப்போது மேசைக்கு அடியில் ஸ்டெனியின் போன் அடித்தது. நிற்காமல் அடித்தது. சஜின் குனிந்து அதை எடுத்துக் காதில் வைத்தான். யாரும் பேசவில்லை. அவன் முகத்துக்கு நேரே, அலமாரித் தட்டில், சோப்புப் பெட்டி அளவிலான மோடத்தில் ஒரு பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. அவன் போனைக் கட் செய்தான். விளக்கு அணைந்தது.

பெட்டியையும் போனையும் மாறிமாறிப் பார்த்தபடி அவன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்தான். போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

ஜெனிலா பிழைத்தாள். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. பெண் குழந்தை. மரியஜான்தான் ஒரு துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தார். ஸ்டெனியின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். நடந்ததற்கெல்லாம் தான்தான் காரணம் என்று லீமா அவன் கட்டிலருகே நின்று அழுதபோது, அவனால் பேச முடியவில்லை. அவன் தன் போனை எடுத்து அவளுக்கு ஒரு ரிங் விட்டு நிறுத்தினான். மரியஜான் வாங்கிக்கொடுத்த புதுப் போன் அவள் கைக்குள் ஒரு தடவை அதிர்ந்தது. அவள் அழுகையை நிறுத்தினாள்.

சஜின் ஜாமீனில் வந்தான். வார்டுக்குள் அவனை விடவேண்டாம் என்று ஜெனிலா சொல்லிவிட்டாள். அவன் மருத்துவமனை முற்றத்தில், பைக் நிறுத்துமிடத்தில், காதில் தையலோடு உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியே பார்த்தால் தெரியும். லீமா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது ஜெனிலாவின் தலையணைக்குப் பக்கத்தில் போன் ஒரு தடவை அடித்து நின்றது.

ஜெனிலா கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்சம் கழித்து அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. நின்றது. மூன்றாவது தடவையும் அடித்து நின்றது.

"லீமா," என்றாள் ஜெனிலா. "அந்தப் பெட்டி எப்ப சத்தம் போடணும், எப்ப போடப்பிடாதுன்னு நீதானே எழுதி வைக்க?"

"ஆமா மைனி."

"இதுலயும் அப்படி வைக்க முடியுமாட்டி? இந்த ஒரு நம்பருக்கு மட்டும் சத்தம் வராண்டாம்."

லீமா கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனை வாங்கினாள். "நம்பரையே அழிச்சிரவா?"

ஜெனிலா கூரையைப் பார்த்தாள். முற்றத்தில் யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பினார்கள். அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. அது சஜினின் பைக் இல்லை.

"அழிக்காண்டாம். அடிச்சதெல்லாம் அதுல பதிவா கெடக்கட்டும். என்னைக்காவது எடுத்துப் பாப்பேன், எத்தன தடவ அடிச்சாருன்னு. பாக்காமலும் போவேன்." அவள் வயிற்றின் மேல் கையை வைத்து, அங்கே ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வந்து, எடுத்துக்கொண்டாள். "இப்ப எனக்குக் கேக்காண்டாம்."

லீமா அமைப்புகளைத் திறந்தாள். அண்ணனின் பெயரைத் தேடி எடுத்து, ஒலி என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று வைத்தாள். போனைத் திரும்ப மைனியின் தலையணைக்கு அருகில் வைத்த மறுநிமிடமே அதன் திரை ஒளிர்ந்தது. சத்தமில்லாமல் ஒரு தடவை ஒளிர்ந்து அணைந்தது. ஜெனிலா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள்.