வலப்பக்கம் நடப்பவர்

தூதரகத்தில் தூதருக்குப் பேச்சு எழுதித் தருபவரைப் பேனாக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருக்கு ஒரே பயம், இடமாற்றம். மனைவிக்கு அந்த ஊர்ப் பள்ளியில் இப்போதுதான் டீச்சர் வேலை கிடைத்து, வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தூதருக்கு ஓர் ஆசை வந்தது.

"அம்பாசிடர்ங்கிற வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு விருந்துல பேசப்போறேன். கம்பீரமா எழுதிக் குடுங்க."

பேனாக்காரர் அகராதிகளைப் புரட்டினார். தோண்டத் தோண்ட, அடியில் ஒரு பழைய மொழிச் சொல் கிடந்தது. அதற்குப் பொருள் ஏவல் ஆள், வேலைக்காரன். அவருக்கு வேர்த்துவிட்டது. தூதரோ, கதவைத் திறந்துவிட ஆள் வரும்வரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர். இவருக்கு முன்னால் இருந்த பேனாக்காரர் ஒரு பேச்சில் 'பணிவுடன்' என்று எழுதித் தொலைத்துவிட்டு, நடுக்கடல் தீவொன்றில் கொசு அடித்துக்கொண்டிருக்கிறார்.

உண்மையை எழுதி ஊர் மாறுவானேன்? 'அரசனின் வலப்பக்கம் நடப்பவர்' என்று எழுதிக் கொடுத்தார். பொய்தான், ஆனால் வாட்டசாட்டமான பொய்.

விருந்தில் கைதட்டல் காதைப் பிளந்தது. பெரியவர் வாயிலிருந்து வந்ததை அகராதியில் பார்க்கும் வழக்கம் அந்த அலுவலகத்தில் கிடையாது. தூதரும் அதை முழுசாக நம்பிவிட்டார். அங்கேதான் வினை.

அடுத்த மாதம் சொந்த நாட்டு ஜனாதிபதி மனைவியோடு வந்து இறங்கினார். விமானத்தடியில் குறுகலான சிவப்புக் கம்பளம். தூதர் விறுவிறுவென்று போய் ஜனாதிபதியின் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அங்கே நடக்கவேண்டிய அம்மாள் கம்பளத்தைவிட்டு இறங்கி, வெயிலில் உருகிய தாரில் நடந்தார். ஒரு செருப்பு தாரோடு ஒட்டிக்கொண்டது. கேமராக்கள் எல்லாம் அந்தச் செருப்பைத்தான் படம்பிடித்தன.

மறுநாளே தூதரைத் தீவுக்கு மாற்றி உத்தரவு வந்தது. பேனாக்காரருக்கு, உள்ளதைச் சொன்னால், வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

தூதர் கூப்பிட்டனுப்பினார்.

"இங்க என் அருமை தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். உங்களையும் என்கூட அனுப்பச் சொல்லிக் கேட்டேன். உடனே சரின்னுட்டாங்க."

வீட்டில் மனைவி பள்ளிக்கு ராஜினாமாவை அனுப்பிவிட்டுப் பெட்டி கட்ட உட்கார்ந்தாள்.

"அந்த வார்த்தைக்கு நிஜமா என்னதாங்க அர்த்தம்?"

"வேலைக்காரன்."

"அதையே எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"தீவுக்கு மாத்தியிருப்பாங்க."

 மனைவி கொசுவலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.