மூன்றாவது குரல்

தாம்பரம் மேற்கில் மார்க்கெட்டுக்குப் போகும் சந்தில் பெட்ஷீட்டும் லுங்கியும் விற்கிறவர் பாட்சா. சரக்கு எடுக்கப் போகும் இடத்தில் விலை படியவில்லையென்றால் சண்டை போட மாட்டார். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மழை வருமா என்று பார்க்கிறவர் மாதிரி மெதுவாக நடப்பார். பின்னாலிருந்து குரல் வரும். முதல் குரலுக்குத் திரும்புகிறவன் ஏமாளி. இரண்டாவதுக்குத் திரும்புகிறவன் கத்துக்குட்டி. மூன்றாவது குரலுக்குத்தான் வியாபாரியின் கழுத்து திரும்ப வேண்டும். அதுவும் வேறு எதையோ பார்ப்பது போல. அந்தச் சந்தில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம் இது. மீறினால் மறுநாள் டீக்கடையில் சிரிப்பார்கள்.

அவர் கல்யாணமே அப்படி முடிந்ததுதான். குரோம்பேட்டையில் பெண் பேசப் போன இடத்தில், விருந்துக்கு ஆடா கோழியா என்று பேச்சு முட்டிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நடந்தார்கள். தெருமுனைக்குள் பெண் வீட்டார் மூன்று தரம் கூப்பிட்டுவிட்டார்கள். ஆடு முடிவாயிற்று. "மூணாவது குரலுக்கு வந்த மாப்பிள்ளை" என்று அவர் மனைவி அஜீசா, தங்கள் மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அவரைச் சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் சோற்றுக்கும் அந்தக் கழுத்து சீக்கிரம் திரும்பாது. இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்ப்பாள். மூன்றாவதை வேண்டுமென்றே கூப்பிடாமல் தான் மட்டும் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவாள்.

அந்த அஜீசாவுக்குத்தான் காய்ச்சல் வந்து, சளி நெஞ்சில் இறங்கி, மூச்சு வாங்கத் தொடங்கியது. தெரு டாக்டர் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, உடனே ஆக்சிஜன் வைக்க வேண்டும் என்றார். தனியார் ஆஸ்பத்திரியில் கேட்ட தொகைக்குக் கடையையும் பாட்சாவையும் சேர்த்து எடைக்குப் போட்டாலும் காணாது. ஆட்டோவை அரசு ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொன்னார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. ஒன்றின் பேரைச் சொன்னால் அது மட்டும் கெட்டுப்போகும், மற்றதெல்லாம் தப்பித்துக்கொள்ளும்.

சக்கர நாற்காலி ஒன்று கிடைத்தது. ஒரு சக்கரம் மட்டும் தன் இஷ்டத்துக்குப் போகிற ஜாதி. வார்டு வாசலில், நடைபாதையில் காத்திருக்கச் சொன்னார்கள். ஆக்சிஜன் குழாய் உள்ளே கட்டிலுக்குக் கட்டில் இருந்தது, கட்டில்தான் இல்லை. யாராவது வீட்டுக்குப் போக வேண்டும், அல்லது வேறெங்காவது போக வேண்டும். அதுவரை அஜீசா வெளிக்காற்றை இழுத்து இழுத்துச் சமாளிக்க வேண்டும்.

பக்கத்தில் சுவரோரம் ரேணுகாம்பாள் உட்கார்ந்திருந்தாள். கோவளம் பக்கத்துக் கடலோரக்காரி. செம்பாக்கம் தெருக்களில் மீன் விற்கிறவள். அவள் புருஷன் ரங்கனுக்கும் அதே மூச்சுத் தொல்லை. அவள் மடியில் தலைவைத்துத் தரையில் கிடந்தான். நீ எப்போது வந்தாய், நான் எப்போது வந்தேன் என்று இரண்டு பேரும் விசாரித்துக்கொண்டார்கள். அஜீசா கொஞ்சம் முந்தி.

நர்ஸ் ஈவ்லின் எட்டிப் பார்க்கும் போதெல்லாம் பாட்சா எழுந்து நிற்பார். கட்டில் காலியானால் கூப்பிடுவேன், இருங்க என்பாள். மறுபடி கேட்டால் மறுபடி அதே. பாட்சாவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பழக்கமானது. கோடவுனில் மூட்டை மூட்டையாக வைத்துக்கொண்டு அவரே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார், சரக்கு வந்தால் சொல்றேன் என்று.

கட்டிலைப் பதுக்குகிறார்கள் என்ற அவர் சந்தேகம் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் உறுதியாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதுக் கட்டிடம். கண்ணாடி வழியே பார்த்தால் வரிசையாகக் கட்டில்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். மெத்தையின் தரத்தைக்கூட எடைபோட்டார், நல்ல சரக்கு. கதவில் பூட்டு.

திரும்பி வந்து, கட்டிலுக்கு ஏதாவது கொடுக்கணுமா என்று வார்டு ஊழியரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். அந்த ஆள் உதட்டைப் பிதுக்கினான். அஜீசாவின் நகக்கண் நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. பாட்சாவுக்கு வேறு எந்த வித்தையும் தெரியாது. எழுந்து, வார்டுக்குள் கேட்கும்படி, "சரி, நாங்க வேற இடம் பாத்துக்கிறோம்" என்று சொல்லி, நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினார்.

"இந்த வேலை இங்க வேணாங்க" என்றாள் அஜீசா. அந்த நடை அவளுக்குத் தெரியும்.

"இன்னா பாய், எடத்த வுட்டுட்டு எங்க போற?" என்றாள் ரேணுகாம்பாள். "கூடைய எறக்கிக் குந்திட்டா வித்து முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

அது மீன் வியாபாரம், இது துணி வியாபாரம் என்று நினைத்துக்கொண்டார் பாட்சா. மெதுவாகத் தள்ளினார். மழை வருமா என்று பார்க்கிற நடை. நடைபாதை பாதி கடந்திருக்கும்.

"அஜீசா!"

ஈவ்லினின் குரல். பாட்சாவின் நெஞ்சுக்குள் ஆடு துள்ளியது. படிந்துவிட்டது! கை மட்டும் பழக்கப்படி நாற்காலியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அஜீசா அவர் விரலைத் தட்டினாள். கூப்பிடறாங்க என்று வாய் அசைந்தது, சத்தம் இல்லை.

"இரு. இன்னொரு தரம் கூப்பிடட்டும்."

இன்னொரு தரம் வந்தது. "ரங்கன்!" என்று வந்தது.

அப்போதுதான் திரும்பினார். இஷ்டத்துக்குப் போகிற சக்கரத்தோடு மல்லுக்கட்டி வார்டு வாசலுக்கு ஓடி வருவதற்குள், ரேணுகாம்பாளும் ஊழியருமாக ரங்கனைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டார்கள். ஆக்சிஜன் முகமூடியும் வைத்தாயிற்று.

"கூப்பிட்டேனே சார்" என்றாள் ஈவ்லின். கோபம் இல்லை அவளுக்கு. கோபப்படுவதற்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டுமே.

"ஒரு தரம்தானே சிஸ்டர் கூப்பிட்டீங்க."

அவளுக்குப் புரியவில்லை. "ஒரு தரம் கூப்பிடத்தான் சார் நேரம் இருக்கு" என்றாள். அந்த வார்டு முழுவதற்கும் அன்றைக்கு அவள் ஒருத்திதான்.

பாட்சா புதுக் கட்டிடத்துக் கட்டில்களைப் பற்றிக் கேட்டார். அங்கே இன்னும் குழாய் இணைக்கவில்லை, திறப்பு விழாவுக்குத் தேதி கிடைக்கவில்லை என்றாள். என்ன கேட்டாலும் தருகிறேன் என்றார் அவர். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் இல்லாமல் சொன்னார். ஈவ்லின் தலையை அசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள். எல்லாம் இலவசம் என்று சுவரில் எழுதியிருந்தது. விலையே இல்லாத இடத்தில் எதைச் சொல்லி எதைக் குறைப்பது?

ஈவ்லின் அந்தப் பக்கம் போனதும் ரேணுகாம்பாள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்தாள். புருஷன் முகமூடியைக் கழற்றி அஜீசாவின் முகத்தில் வைத்தாள். அஜீசாவின் தோள் சற்றுத் தணிந்தது. அதற்குள் ரங்கன் திணறத் தொடங்கிவிட்டான். மறுபடி அவனுக்கு. மறுபடி இவளுக்கு. இரண்டு பேருக்குமே போதவில்லை. ரங்கனின் உதடு கறுத்துக்கொண்டு வந்தபோது, பாட்சாதான் முகமூடியை எடுத்து அவன் முகத்தில் வைத்தார். பிறகு எடுக்கவில்லை.

"பாய்..." என்றாள் ரேணுகாம்பாள்.

அஜீசாவைச் சிட்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஈவ்லின் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். அது வண்டலூர்ப் பக்கம் போயிருக்கிறதாம், வந்துவிடுமாம். ஒரு சின்ன சிலிண்டரைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதன் அளவு முள் அடியில் படுத்திருந்தது. நடைபாதையில், முன்பு இருந்த அதே இடத்தில், பாட்சா நாற்காலியை நிறுத்தினார். தரையில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அஜீசாதான் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை எங்கிருந்தோ கடன் வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு அன்னிக்கு... கோழியே போதும்னுதாங்க இருந்துச்சு."

சிரிக்கப் பார்த்தாள். பாட்சாவும் சிரிக்கப் பார்த்தார்.

அப்புறம் அவள் பேசவில்லை. சிலிண்டர் தீர்ந்தது முந்தியா, அவள் தீர்ந்தது முந்தியா என்று அவருக்குத் தெரியவில்லை. காதோரம் குனிந்து கலிமா சொன்னார். ஈவ்லின் வந்து நாடி பார்த்து, முக்காட்டைச் சரிசெய்து முகத்தை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் நின்றாள். அவளுக்கு இருந்த வேலைக்கு அது பெரிய நேரம்.

நடைபாதைக் கோடியில் ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து நின்றான். ஓட்டமாக வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"அஜீசா!"

பாட்சா எழுந்துவிட்டார். முதல் குரலுக்கே எழுந்துவிட்டார்.

"அஜீசாம்மா யாருங்க?"

ரேணுகாம்பாள் வார்டு வாசலில் வந்து நின்று, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"அஜீசா யாருப்பா? வண்டி ரெடியா கீது, சீக்கிரம்!"

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி பாட்சா நின்றார். டிரைவர் கொஞ்சம் பார்த்தான். அவனுக்கும் வேறு இடங்களிலிருந்து போன் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த பேரைக் கூப்பிடத் தொடங்கினான்.