ஆறு பேர் போட்ட கையெழுத்து

அடித்தவர் ஒருவர், வீட்டில் பயந்து ஒடுங்கியவர்கள் மனைவியும் பிள்ளையுமாக இருவர். யாரைப் பெட்டி கட்டச் சொல்வது? வேலை, பள்ளிக்கூடம், பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடுங்கள் என்று அந்த இருவரைத்தான் எல்லோரும் ரொம்ப நாளாகத் துரத்திக்கொண்டிருந்தார்கள். மனைவியை அடித்த ஆண்களுக்கான இந்த விடுதி அதைத் தலைகீழாக்கியது. அடித்தவரே வெளியே வரவேண்டும். அவருக்கு ஒரு கட்டில், ஒரு அலமாரி, பொதுச் சமையலறை, செவ்வாய்தோறும் வகுப்பு. பன்னிரண்டு வாரம்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இது ஏழாவது வாரம்.

விடுதியில் பேச்சு ஒரு பக்கமாகத்தான் ஓடும். உள்ளே ஆண்களோடு பேசுபவர் பொறுப்பாளர் அம்மா. மனைவிமாரோடு பேசுபவர் வேறொருவர். அவர் முகத்தை இவர்கள் பார்த்ததே இல்லை, 'போன்காரம்மா' என்பார்கள். இங்கே நடப்பது அவர் வழியாக அங்கே போகும். அங்கே மனைவி சொல்வது ஒரு சொட்டுகூட இங்கே வராது. வந்தால், சொன்னதற்கும் சேர்த்து ஒருநாள் அவள் அடி வாங்குவாள். ஒரே ஒரு பதில் மட்டும் வரும்: சனிக்கிழமை ஒரு மணி நேரம், ஊழியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளை மெக்கானிக் பார்க்கலாமா, கூடாதா?

ஆறு வாரமாகக் கூடாது.

"நான் திருந்தினது அவ காதுக்கே போகலப்பா. எழுதிக் கொடுத்தாத்தான் நம்புவா," என்றார் மெக்கானிக், சமையலறையில்.

உடன் தங்கியிருந்த டைலர் உற்சாகமாகிவிட்டார். "எழுது. 'குரல் உயர்த்தியதே இல்லை.' அப்புறம், 'தங்கமான மனுஷன்.'"

"தங்கம் ஓவரா இருக்கும்," என்றார் பக்கத்து அறை பஸ் டிரைவர். "'பொறுமைசாலி'ன்னு போடு. காலையில என் ரேடியோவுக்கு இந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

மனைவியை அடித்த ஆறு பேர் சேர்ந்து, ஏழாவது ஆளுக்கு நற்சான்று கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொறுப்பாளர் அம்மா தாளை இரண்டு தரம் படித்தார்.

"டிரைவர் ரேடியோ அவ்வளவு சத்தமா?"

"சுவரே அதிரும்மா."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன்."

"உங்க வீட்டம்மா மணிக்கட்டை உடைச்சீங்களே, அன்னைக்கு எதுக்குச் சண்டை?"

"டிவி சத்தம்." மெக்கானிக் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "கோபம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாதும்மா."

"டிரைவர்கிட்ட தெரியுதே?"

"அந்த ஆளா? எருமை மாதிரி இருக்கான். ஒண்ணு விட்டான்னா நான் எந்திரிக்கவே..."

பாதியில் நின்றார். கைகொடுத்துத் தூக்கிவிடும் உத்தேசம் அம்மாவுக்கு இல்லை. தாளைத் தூக்கிக் காட்டினார்.

"அனுப்பட்டுமா?" என்றார். "உங்களால அடக்கிக்க முடியும், அவங்ககிட்ட மட்டும் அடக்கிக்கலன்னு ஆறு பேர் சாட்சி சொல்லியிருக்காங்க."

மெக்கானிக் தாளை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அந்த வாரத்துப் பதில் வந்தது. கூடாது.

அன்று சாயங்காலம் டைலர் வெள்ளைத் தாளோடு வந்து கட்டிலில் சம்மணம் போட்டார். "எனக்கும் அதே மாதிரி ஒண்ணு. முதல் கையெழுத்து நீதான்."

"போட மாட்டேன்."

"நன்றி கெட்டவனே! உன்னைத் தங்கம்னு சொன்னவன்டா நான்!"

"நீ கை வச்சா நான் திருப்பி வைப்பேன். அதனாலதான் நீ என்மேல கை வைக்கல. இதுல நான் எதுக்குய்யா சாட்சி?"

டைலர் நீட்டிய தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை வகுப்புல இதைச் சொல்லணும்," என்றார் மெக்கானிக். "எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல."

"எப்படி வேணா ஆரம்பி," டைலர் தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "என் மூஞ்சியைப் பார்த்து மட்டும் சொல்லாதே."