பாலத்துக்கு ஓர் அடிக்குறிப்பு

பெல்பாட்டம் என்றால் என்ன என்று ‘அதாவது’ சார் அடிக்குறிப்பு எழுதி முடித்த அன்று மாலை, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய கால்சட்டைகள் அனைத்தும் முழங்காலுக்குக் கீழே விரிந்துகொண்டன. அவர் மனைவி தையல்காரி. நாடாவை வைத்து அளந்து பார்த்துவிட்டு, துணி எங்கிருந்தோ கூடுதலாக வந்திருக்கிறது, தையல்தான் மட்டம் என்றாள். ஓய்வுபெற்ற பேராசிரியரான அவர் ‘அதாவது’ இல்லாமல் வாய் திறப்பதில்லை என்பதால் தெருவே அவரை அப்படி அழைத்தது. புலமைக்குக் கிடைத்த பட்டம் என்று அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். கல்லூரிப் பாடமாக வரவிருந்த ஒரு புது நாவலில் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காத பழைய சமாச்சாரங்கள் நிறைய இருந்தன. அவற்றுக்கெல்லாம் குறிப்பு எழுதும் வேலையைப் பதிப்பாளர் அவரிடம் கொடுத்திருந்தார். நாவலை எழுதியவர் கேட்டுக்கொண்டது, சுருக்கமாக இருக்கட்டும் என்பது மட்டும்தான். அது வேறு யாருக்கோ சொன்னது என்று இவர் முடிவு செய்தார்.

ஒரு பல்பொடி விளம்பரப் பாட்டுக்கு அவர் குறிப்பு எழுதியதிலிருந்து, குளியலறைக் குழாய் தண்ணீர் விடுவதற்கு முன் இரண்டு வரி பாடியது. பழைய நடிகன் ஒருவனின் நெற்றிச் சுருளை விளக்கியபோது, எதிர்வீட்டு வங்கி மேலாளரின் வழுக்கைத் தலையில் ஒற்றைச் சுருள் விழுந்தது. மேலாளர் யாரிடமும் புகார் சொல்லவில்லை. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குக் குறிப்பு எழுதிய மறுநாள் வாசலில் டின்களோடு ஒரு நீண்ட வரிசை நின்றது. அந்த வரிசையின் பொருளாதாரப் பின்னணியை அதாவது சார் அவர்களுக்கே விளக்கத் தொடங்க, முன்னால் நின்ற அம்மாள், “நடுவுல பூராதீங்க, கடைசில போய் நில்லுங்க,” என்றாள். மத்தியானத்துக்குள் அவர்கள் கலைந்துவிட்டார்கள்.

எழுதுவது எப்படியோ, வருவதும் அப்படியே என்பதை முதலில் கண்டுபிடித்தது மனைவிதான். ஊரடங்கு என்ற சொல் வந்த இடத்தில் அவர் தன் வழக்கப்படி, ‘அக்காலத்தில் ஒருவகை ஊரடங்கு நிலவியதாகச் சிலர் கருதுவர்’ என்று எழுதியிருந்தார். நாற்பது ஆண்டுகளாக அவரைக் காப்பாற்றி வந்த வாக்கிய அமைப்பு அது. யாரும் அவர்மேல் கோபப்பட்டதில்லை, யாரும் அவரைப் படித்ததுமில்லை. அன்று தெருவுக்குள் சக்கரம் இல்லாத ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய படையினரின் முகங்கள் ஈரத்தில் கலைந்த மைபோல இருந்தன. தெருவின் இடதுபக்கத்து ஆட்கள் வெளியே போக முடியவில்லை. வலதுபக்கத்து ஆட்கள் வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தார்கள்.

நாவலின் நடுவே ஒரு விருந்துக் காட்சி. விருந்தாளிகளின் செருப்புகள் வாசலில், ‘அன்று பாலத்தில் கிடந்தவை போல’ கிடந்தன என்று ஒரே ஒரு வரி. மனைவி அந்தப் பக்கத்தில் ஊசியைக் குத்தி அவர் மேசையில் வைத்தாள். ஊர்வலம் ஒன்று பாலத்தின்மேல் போனதும், அதன் இரு முனைகளையும் படை அடைத்ததும், மறுநாள் செருப்புகள் மட்டும் மிஞ்சியதும் அவர்கள் வயதுக்காரர்கள் அனைவருக்கும் தெரியும். கூட்டம் அமைதியாகக் கலைந்தது என்பது அன்றைய அரசின் அறிவிப்பு. அவளுடைய தம்பி அன்று காலை ஊர்வலத்துக்குப் போனவன். திரும்பவில்லை.

“இதுக்கு என்னங்க எழுதப் போறீங்க?”

“அதாவது, அதை ஜாக்கிரதையா...”

“என் தம்பிக்கு எழுதுங்க.”

அவர் ஜாக்கிரதையாகவே எழுதினார். ‘அன்று சிலர் காணாமற்போனதாகச் சொல்லப்படுகிறது.’ பேனாவை மூடும் முன்பே கூடத்தில் இரண்டு கால்கள் நின்றன. முழங்கால்வரைதான் இருந்தன. செருப்பில்லை. பாதம் நனைந்திருந்தது. இடது கணுக்காலில் சைக்கிள் சங்கிலி கிழித்த தழும்பைப் பார்த்ததும் மனைவி கீழே உட்கார்ந்து, துண்டால் விரலிடுக்குகளைத் துடைக்கத் தொடங்கினாள். முகத்தைத் துடைக்க மேலே ஒன்றுமில்லை.

“மிச்சத்தை எழுதுங்க,” என்றாள், நிமிராமல்.

அப்போது பார்த்துப் பதிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். பாடத்திட்டக் குழுவில் பாலம் பற்றிப் பேச்சு வந்ததாம். “அந்த வரிக்குக் குறிப்பே வேணாம் சார். செருப்புன்னா செருப்பு. பசங்களுக்குத் தெரியாதா என்ன?” என்றார். அதாவது சாருக்கு அது வானத்திலிருந்து விழுந்த கயிறு போல இருந்தது. பிடித்துக்கொள்ளப் போனவர், கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். கால்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டன. குளிர்கிறது போலும். யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

படையினர் பாலத்தின் இரு முனைகளிலும் நின்றார்கள் என்று எழுதினார். தெருவின் இரு முனைகளிலும் வரிசையாக நின்றார்கள். இந்தமுறை முகங்கள் தெளிவாக இருந்தன, அத்தனையும் மீசை அரும்பிய முகங்கள். சீருடை பலருக்குத் தோளில் தொங்கியதை மனைவி சன்னல் வழியே கவனித்தாள். வீடுகளில் கதவுகள் சாத்தப்படும் ஓசை ஒவ்வொன்றாகக் கேட்டது. மைத்துனனின் பெயரைத் தகப்பன் பெயரோடு முழுதாக எழுதினார். கால்களுக்கு மேல் இடுப்பு வந்தது, கட்டம்போட்ட சட்டை வந்தது, கடைசியாக முகம் வந்தது. போன அன்று இருந்த அதே வயது.

“அக்கா, குடிக்கத் தண்ணி இருக்கா?” என்றான் அவன். பிறகு உற்றுப் பார்த்து, “என்னக்கா இப்படி நரைச்சுட்ட?” என்றான்.

அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அதாவது சார் பேனாவை நிறுத்தினார். இதோடு விட்டால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் வாக்கியம் அங்கே அந்தரத்தில் நிற்க, தம்ளரைப் பிடித்த தம்பியின் முழங்கை கலையத் தொடங்கியது, பிறகு தோள்.

“எழுதுங்க.”

“எழுதினா சுடுவாங்கம்மா. தெருமுனையில நிக்கிறாங்க, பாரு.”

“சுட்டாச்சுங்க. அன்னிக்கே சுட்டாச்சு. நீங்க எழுதலன்னா சுடலன்னு ஆயிடுமா? எப்படி வந்தாலும் முழுசா வரட்டும்.”

அவர் ‘சுட்டார்கள்’ என்று எழுதினார். பின்னால் ‘எனப்படுகிறது’ சேர்க்கக் கை தானாக நகர்ந்தது. வலது கையை இடது கையால் பிடித்து நிறுத்தி, முற்றுப்புள்ளி வைத்தார். தெருமுனையில் ஒரே ஒரு வெடி கேட்டது. சன்னல் கண்ணாடி உதிர்ந்தது. தம்பியின் சட்டைப் பைக்குக் கீழே ஒரு வட்டம் திறந்தது, அதன் வழியே பின்சுவரில் நாள்காட்டியின் ஓர் ஓரம் தெரிந்தது. அவன் விழவில்லை. மிச்சத் தண்ணீரைக் குடித்துத் தம்ளரைக் கீழே வைத்தான். குடித்ததில் கொஞ்சம் சட்டையில் வழிந்தது. அக்கா அவன் தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அதாவது சார் அன்று மேற்கொண்டு ஒரு சொல்லும் எழுதவில்லை.

பாடத்திட்டக் குழு நேரில் பார்த்துவர ஓர் உறுப்பினரை அனுப்பியது. அவர் தம்பியின் மார்பிலிருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார், காப்பி குடித்தார், ஓட்டை போன்ற ஒன்று இருப்பதாகக் கருத இடமுண்டு என்று அறிக்கை கொடுத்தார். அன்றிலிருந்து அவருடைய அந்த விரல் யார் கண்ணுக்கும் சரியாகத் தெரிவதில்லை. நாவல் பாடமாகவில்லை. நாவலாசிரியர் குறிப்புகளோடே புத்தகமாகப் போடச் சொல்ல, பதிப்பாளர் முணுமுணுத்துக்கொண்டே போட்டார், அது ஓரளவு விற்றது. படையினர் எங்கே போனார்கள் என்று குறிப்பில் இல்லாததால் அவர்கள் தெருமுனையிலேயே இருந்துவிட்டார்கள். காய்கறி வண்டிக்காரர் அவர்களைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினார். சிலர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தொங்கும் சீருடையைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தார்கள். அக்கா வாங்கவில்லை. எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

தம்பி அந்த நாவலை இரண்டுமுறை படித்தான். பெல்பாட்டமும் பல்பொடியும் அவனுக்கு விளங்கின, மிச்சமெல்லாம் விளங்கவில்லை. ஆகவே அத்தான் அவனுக்காக இந்தக் காலத்துக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தார். வீட்டில் தேவையான பொருள்களை மட்டும் பார்த்து எழுதும்படி மனைவி சொல்லியிருந்தாள். அவன் முடி வெட்டிக்கொள்ளப் போனபோது, முடிதிருத்துபவர் சட்டையைக் கழற்றச் சொல்லித் துணியைப் போர்த்தினார்.

“ஓட்டை வழியா காத்து பூந்து வருதே தம்பி. வெட்டின முடியெல்லாம் பறக்குது.”

“கையை வெச்சு மூடிக்கட்டுமாண்ணே?”

“மூடிக்கோ,” என்று சொல்லிவிட்டு, அவர் காதோரம் கத்தரியை வைத்தார்.