பொற்கொடியிடம் வாயால் சொல்லவும்

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஆஸ்பத்திரி நாற்காலியில் கிடைத்தது. புதுக்கோட்டையில், தீராத நோய்க்காரர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன ஆஸ்பத்திரி. உள்ளே என் மாமா பெரியகருப்பன். வாசலில் அத்தை முனியாயி. பார்க்க வருகிறவர்களை மறித்து, "அல்சருன்னு சொல்லியிருக்கோம்" என்று காதில் போட்டுத்தான் உள்ளே விடுவார். கல்லீரல்வரை பரவிய புற்றுநோயை ஆலங்குடிச் சொந்தங்கள் எல்லாரும் சேர்ந்து அல்சராக்கி வைத்திருந்தோம்.

2

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் வரி: "ஆட்டிசம் என்னும் இருளோடு போராடி நர்ஸ் ஆன பொற்கொடி—"

வேண்டாம். அவள் எதோடும் போராடவில்லை. மதியம் துணி அடுக்கும் அறையில் விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தனியே இருப்பாள். பிறகு வந்து வேலையைப் பார்ப்பாள்.

இன்னொன்று: "பொற்கொடிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

இதை அவளிடமே காட்டினேன். தப்பு என்றாள். "எங்கம்மாட்ட தெனமும் சாப்பிட்டேன்னு பொய்தான் சார் சொல்றேன்." அந்த வரியை அடித்துவிட்டேன்.

பத்து வருடமாக, மாமா படுத்திருக்கும் அதே வார்டில் நர்ஸாக இருக்கிறாள். அவளும் தலைமை நர்ஸ் ஷர்லியும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு ஒன்று உண்டு. எதையாவது நோயாளியிடம் மறைக்க வேண்டுமென்றால் பொற்கொடியிடம் வாயால் சொல்லிவிட வேண்டும், ஜாடை கூடாது. (பரிதாபப்படாதீர்கள். எங்கள் பக்கம் பாதிப் பேச்சு புருவத்தில்தான் நடக்கிறது. அது புரியாமலேயே இத்தனை பேரைப் பார்த்துக்கொண்டவள் அவள்.)

3

ஷர்லி விராலிமலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று மாமா கேட்டார், "எனக்கு என்னத்தா வந்திருக்கு?"

பின்னால் நின்ற அத்தை கண்ணைக் காட்டினார். பொற்கொடி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"புற்றுநோய்ங்க ஐயா. குணமாகாது. வலிக்காம பாத்துக்குறோம்."

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அத்தை ஆபீஸில் போய் அழுது தீர்த்தார். அந்த அழுகையிலும் நியாயம் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து பொற்கொடியை மருந்து ஸ்டோருக்கு மாற்றுவதாக முடிவானது. சம்பளம் அதேதான், நோயாளிகள் மட்டும் இருக்க மாட்டார்கள். ஷர்லி திரும்பி வந்து சண்டை போட்டதில், இன்னொரு புகார் வராவிட்டால் பார்க்கலாம் என்றார்கள்.

ஏன் சொன்னாய் என்று நான் அவளிடம் கேட்டேன்.

"அந்தம்மா கண்ணக் காட்டுனது தெரிஞ்சுது சார். எதுக்குன்னு தெரியல. கேட்டவரு அவருதான?" ஊசித் தட்டைத் துடைத்துக்கொண்டே, "ஸ்டோர்ல நான் யாரப் பாத்துக்குவேன்?" என்றாள்.

 

4

முடிவு, ஒரு முயற்சி: மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீதான் தாயி தெய்வம்—

(தெய்வமாக்கினாலும் அவளை வார்டிலிருந்து வெளியே அனுப்பியதாகத்தான் ஆகும்.)

மற்றொன்று: ஓமனிலிருந்து மகன் சூர்யபிரகாஷ் அடுத்த விமானத்திலேயே பறந்து வந்து—

(அவனிடமும் அல்சர் என்றுதான் சொல்லியிருக்கிறோம்.)

5

நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா சுவரைவிட்டு இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். பொற்கொடியை வரச்சொன்னார்.

"மகன் பொங்கலுக்கு வாரேங்குறான். அதுவரைக்கும் இருப்பனா?"

அத்தை இந்த முறை கண்ணைக் காட்டவில்லை. ஷர்லி சொல்லிக்கொடுத்தபடி வாயால் சொன்னார்.

"சொல்லாத தாயி. ஒன்னயக் கெஞ்சிக் கேக்குறேன்."

மாமாவுக்கும் அது கேட்டது. பொற்கொடி கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். ஏற்பாட்டின்படி அவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூடினால் மாமா அவளையும் பொய் சொன்ன எங்களோடு சேர்த்துவிடுவார். சொன்னால் நாளைக்கு ஸ்டோர்.

அவள் என்ன செய்தாள் என்பது எனக்குத் தெரியும், நான் அங்கேதான் இருந்தேன். எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அவளைச் சரி, தப்பு என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அதற்குப் பதில் அவளைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு அந்தக் கம்பியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது; டாக்டர் அவ்வளவு நாள் சொல்லவில்லை. அவர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள்.