இருபத்தாறு வகை ஈட்டி

மதியம் ஒரு மணிக்குத் தொடங்கிய போரில் நான்கு மணி வரை ஒரு பீரங்கிகூட வெடிக்கவில்லை. பிரஷ்யக் காலாட்படையின் ஏழாம் அணிக்குச் சட்டைப் பொத்தான் வெள்ளையா, மஞ்சளா என்ற தகராறில் நெப்போலியன் மூன்று மணி நேரமாகக் குதிரை மேலேயே காத்திருந்தார்.

தகராறு செய்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் இல்லை. எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் தொப்பை. விஸ்கான்சின் மாநிலத்தில் ஃபாக்ஸ் லேண்டிங் என்ற ஏரிக்கரை ஊரில், வெண்டல் ஸ்டாட்லர் வீட்டுக் கீழ்த்தளத்தில், பிங்பாங் மேசைமேல் பச்சைத் துணி விரித்து, விரல் உயர ஈயச் சிப்பாய்கள் அறுநூறு பேரை நிறுத்திவைத்து சனிக்கிழமைதோறும் ஐரோப்பாவைப் பங்கு போடுவார்கள். இதற்குப் போர்க்கலைக் கழகம் என்று பெயர். அது எழுபத்திரண்டாம் வருஷம். வியட்நாமில் நிஜப் போர் நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அங்கே யாரும் பேச மாட்டார்கள். அந்தப் போரில் பொத்தான் அழகாக இல்லை.

கழகத் தலைவர் வெண்டல் ஊரின் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மேலாளர். ராணுவத்தில் இரண்டு வருஷம் கன்சாஸ் கிடங்கில் கம்பளி எண்ணியவர். தன்னை ‘ஜெனரல்’ என்று கூப்பிட்டால் தடுக்க மாட்டார்.

நடுவர் நாற்காலியில் ஆர்டிஸ் ஹாக்கன்சன் உட்கார்ந்திருந்தாள். நடுவராக இருப்பவர் சண்டை போட முடியாது என்பதால் அந்த நாற்காலியை ஆண்கள் யாரும் சீண்டவில்லை. “பொண்ணு வரலாறு படிச்சிருக்கு, பென்சிலையும் கூர்மையா வெச்சிருக்கு” என்று ஜெனரல்தான் அவளை அங்கே உட்கார வைத்தார். அவர் அலுவலகத்தில் அவள் தட்டச்சு செய்பவள். அப்பாவும் அண்ணன் லைலும் பாலாடைக்கட்டி ஆலையில் வேலை. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் ஆர்டிஸ். நான்கு வருஷம் வரலாறு படித்து, ஆலங்கட்டி மழையில் எந்தக் காரின் கூரை நசுங்கியது என்று டைப் அடித்துக்கொண்டிருந்தாள். லைல் கழகத்தில் உறுப்பினன். சனிக்கிழமை அவனோடு கிளம்பாவிட்டால் வீட்டில் துணி மடிக்க வேண்டும். பொத்தான் சண்டை அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பனி முழங்கால் வரை விழுந்துவிட்டது. ஆங்கிலேயத் தரப்பு மொத்தமும் சாலையில் மாட்டிக்கொண்டது. வந்து சேர்ந்தது லைலும், செருப்புக் கடை கோர்டி ப்ளிஸ்க்கும் மட்டும். வீட்டுக்காரர் ஜெனரலோடு மூன்று பேர். மூன்று பேருமே பிரெஞ்சுக்காரர்கள்.

“எதிரி இல்லாம எப்படிச் சண்டை போடறது?” என்றான் கோர்டி.

“ஆளுக்கு ஒரு சிப்பாய எடுங்க,” என்றாள் ஆர்டிஸ்.

“ஒண்ணுன்னா, ஒரு பட்டாளமா?”

“ஒரே ஒரு ஆள்.”

“ஒருத்தன வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றது?” என்றார் ஜெனரல். “அவன் எந்தப் பக்கம்?”

“எந்தப் பக்கமும் இல்ல. பட்டாளத்த விட்டு ஓடி வந்துட்டான், பசிக்குது. காட்டுக்குள்ள இடிஞ்ச கோட்டை. கீழ படி இறங்குது. நீங்கதான் அந்த ஆளு. என்ன பண்றீங்க?”

ஜெனரல் வழக்கப்படி துண்டுச் சீட்டில் கட்டளை எழுதி நீட்டினார்: நூறு கஜம் முன்னேறி இடப்பக்கம் திரும்புக.

ஆர்டிஸ் படித்தாள். “அது படி. பத்தடி போனதும் வளைஞ்சிருச்சு. சுவத்துல மூக்க இடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க.”

“உள்ள இருட்டா இருக்குமா?” என்றான் கோர்டி, குரலைத் தாழ்த்தி.

“இருட்டுதான்.”

“என்கிட்ட விளக்கு இருக்கா?”

“எடுத்துட்டு வந்தியா?”

கோர்டி ஈயச் சிப்பாயை உற்றுப் பார்த்தான். அந்தக் கீழ்த்தளத்தில் முதன்முறையாக ஒரு மனுஷன் சிப்பாயின் பொத்தானை விட்டுவிட்டு அவன் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டான்.

கட்டம் போட்ட தாளில் அவள் சுரங்க அறைகளை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டே போனாள். பத்து சென்ட் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மிருகம் ஒன்று கைப்பையில் கிடந்தது, பாதி ஆமையும் பாதி நாற்காலியுமாக. அதை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“என்ன எழவு இது?” என்றான் லைல்.

“தெரியல. உன்னப் பாத்து வாயத் திறக்குது.”

லைல் பகடை உருட்டினான். அவனுடைய ஆள் செத்துப்போனான். மேசைமேல் நடந்த லைப்சிக் போரில் கணக்குக்கு நாற்பதாயிரம் பேரைப் பலி கொடுத்துவிட்டு உருளைக்கிழங்கு வறுவல் கேட்டவன், அன்று எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, பீரை எடுக்காமல் அப்படியே நின்றான்.

பனி உருகுவதற்குள் அறுநூறு சிப்பாய்களும் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டார்கள். எட்டுப் பேரும் தலைக்கு ஓர் ஆளாகச் சுரங்கத்துக்குள் கிடந்தார்கள். காயத்துக்கு எத்தனை புள்ளி, தப்பிப் பிழைத்தவனுக்கு எப்படி வலு ஏறும், மந்திரக்காரன் ஒரு நாளைக்கு எத்தனை மந்திரம் போடலாம், எல்லாமே ஆர்டிஸின் மூன்று நோட்டுகளில் இருந்தன. வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே எழுதியவை.

ஜூன் மாதம் ஜெனரல் அறிவித்தார்: “நம்ம விளையாட்ட புத்தகமா போடறோம்.”

நம்ம. எடுத்துக்கொண்டு போக வந்தவன் முதலில் சொல்கிற வார்த்தை அதுதான்.

அவர் பங்குக்கு அவரும் ஒன்று எழுதிக் கொடுத்தார். கம்பு நுனியில் இரும்பு செருகிய ஆயுதங்களின் பட்டியல், படங்களோடு, மொத்தம் இருபத்தாறு வகை. எதன் நுனியில் கொக்கி, எதன் நுனியில் கோடாரி, எது எந்த நூற்றாண்டு. அதற்கு இடம் வேண்டுமென்று ஆர்டிஸின் நோட்டிலிருந்து இருபது பக்கங்களை ‘வளவளப்பு’ என்று சிவப்புப் பென்சிலால் அடித்தார். நடுவர் என்ன செய்ய வேண்டும், ஆட்டக்காரர்கள் கேள்வி கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்று அவள் எழுதிய பக்கங்கள் அவை.

புத்தகத்தை டைப் அடிக்கும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. முகப்புப் பக்கத்துக்கு ஜெனரல் தன் கைப்பட எழுதித் தந்த தாளில், ‘ஆக்கம்: வெண்டல் ஸ்டாட்லர்’ என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் நன்றியுரை. சாண்ட்விச் செய்து தந்த மனைவிமாருக்கும் தட்டச்சு செய்த ஆர்டிஸுக்கும்.

சனிக்கிழமை எல்லோரும் இருக்கும்போது அவள் அந்தத் தாளை மேசைமேல் போட்டாள்.

“என் பேரு எங்க?”

“ரெண்டாம் பக்கத்துல இருக்கேம்மா,” என்றார் ஜெனரல்.

“சாண்ட்விச்சுக்குப் பக்கத்துல.”

“அது நல்ல சாண்ட்விச்,” என்றான் கோர்டி.

“இதுல இருக்கறது பூரா நான் எழுதினது, மிஸ்டர் ஸ்டாட்லர். அந்த ஈட்டிங்க மட்டும்தான் உங்களுது.”

“நீ நடுவர்மா. பேஸ்பால்ல அவுட்டுன்னு கை தூக்கறவன் பேஸ்பால கண்டுபிடிச்சவனா?”

“மைதானம், பந்து, மட்டை எல்லாம் அவன்தான் கொண்டுவந்தான்னா, அவன்தான்.”

லைல் தொண்டையைச் செருமினான். ஜெனரல் முன்னால் வாய் திறக்கும்போதெல்லாம் அவனுக்குத் தோள் தானாகக் குறுகிவிடும். “ஏ. ஹாக்கன்சன்னு போட்டுக்கலாமே ஆர்டிஸ். முதல் எழுத்து மட்டும். பொண்ணுன்னு தெரியாது.”

“ஏன், தெரிஞ்சா?”

“காசு குடுத்து வாங்கறவன் யோசிப்பான்ல.”

“எத்தன பேரு செத்தீங்க என் சுரங்கத்துல? அப்ப யாராவது யோசிச்சீங்களா?”

“அந்த ஒரு எழுத்தே அதிகம்,” என்றார் ஜெனரல். “புத்தகம் கையில இருந்தா எவன் வேணா நடுவரா இருக்கலாம். எழுந்திரு. இன்னிக்கு நான் நடத்தறேன்.”

நாற்காலி கைமாறியது. ஆர்டிஸ் முதன்முறையாக ஒரு சிப்பாயை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு போய் நின்றாள். ஜெனரல் மூக்குக்கண்ணாடியை மாட்டி, தட்டச்சுக் கட்டைப் பிரித்தார். முதல் கதவு வந்தது.

“கதவுல காது வெச்சுக் கேக்கறேன்,” என்றாள். “என்ன கேக்குது?”

அவர் பக்கங்களைப் புரட்டினார். “கேக்கறதுக்கு ஒண்ணும் போடல.”

“அந்தப் பக்கத்த நீங்கதான் சிவப்புப் பென்சில்ல அடிச்சீங்க. சரி, கீழ இடுக்கு வழியா வெளிச்சம் தெரியுதா?”

“திறக்கறியா, இல்லியா?”

“திறக்கறேன்.”

அறையின் அளவுக்கு ஒரு பகடை. உள்ளே என்ன என்பதற்கு ஒன்று. எத்தனை என்பதற்கு ஒன்று. அட்டவணையில் விரலை ஓட்டிவிட்டு அவர் கம்பீரமாகச் சொன்னார்: “ஆறடிக்கு ஆறடி அறை. பதினாலு ஓநாய்.”

கோர்டி இரண்டு கையாலும் மேசைமேல் ஒரு சதுரம் காட்டிப் பார்த்தான்.

“அடுக்கி வெச்சிருக்கா?” என்றான் கோர்டி.

“அட்டவணை அப்படித்தான் சொல்லுது.”

“கதவ யாரு வெளிய பூட்டினது? அத்தன நாளா அதுங்க என்ன தின்னுச்சு?”

“முதல்ல பதினஞ்சா இருந்திருக்கும்,” என்றாள் ஆர்டிஸ்.

லைல் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தான். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். ஜெனரலின் கழுத்து காலரிலிருந்து மேலாகச் சிவந்துகொண்டே போனது. கட்டை மூடினார்.

“சிரிச்சாச்சா? முகப்பு நான் எழுதிக் குடுத்த மாதிரிதான் வரும். டைப் அடிக்க இஷ்டமில்லன்னா வேற ஆள் பாத்துக்கறேன். ஆபீசுக்கும் சேத்து.”

சிரிப்பு நின்றது. ஆர்டிஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கோர்டி ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினான். லைல் தன் சிப்பாயின் தொப்பியை நகத்தால் சுரண்டினான். அவள் சொன்ன நகைச்சுவைக்கு ஏழு பேர் இருந்தார்கள்; அவள் பெயருக்கு ஒருவனும் இல்லை.

அவள் கட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மூன்று வாரம் கழித்து, அச்சகத்துக்கு அனுப்புமுன் கடைசியாக ஒரு முறை சரிபார்க்க எல்லோரும் ஸ்டாட்லர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடினார்கள். ஆர்டிஸ் கட்டைக் கொண்டுவந்து ஜெனரல் முன்னால் வைத்தாள். எதையும் ஒளிக்கவில்லை. முகப்புப் பக்கம் மேலாக, அவரைப் பார்த்து, பளிச்சென்று இருந்தது:

எழுதியவர்: ஆர்டிஸ் ஹாக்கன்சன்
ஆயுதப் பட்டியல்: வெண்டல் ஸ்டாட்லர்

அடித்துப்போட்ட இருபது பக்கங்களும் அவற்றின் இடத்துக்குத் திரும்பியிருந்தன. கண் கொஞ்சம் தாழ்ந்தால் போதும், வேலை போய்விடும். அவள் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

“முதல் பக்கத்துலேர்ந்து பாத்துருங்க, மிஸ்டர் ஸ்டாட்லர்.”

“முதல் பக்கத்துல என் பேருதானே இருக்கும். ஈட்டி எந்தப் பக்கம்?”

“ஐம்பத்தொண்ணு.”

அவர் ஐம்பது பக்கத்தையும் ஒரே கையால் அள்ளி ஓரமாகக் கவிழ்த்துவிட்டு ஐம்பத்தொன்றைப் பிரித்தார். எட்டுத் தலையும் ஒன்றாகக் குனிந்தன. பத்தொன்பதாவது ஆயுதத்தின் கொக்கி முன்னால் பார்க்குமா, பின்னால் பார்க்குமா என்று பேச்சு ஆரம்பித்தது. பின்னால்தான் என்று கோர்டி சாதித்தான். குதிரைக்காரனை இழுத்துத் தள்ள முன்னால்தான் இருக்க வேண்டும் என்று ஜெனரல் மேசையைத் தட்டினார். ஒருவர் துடைப்பக்கட்டையைக் கொண்டுவந்து லைலைக் குதிரையாக நிறுத்தி இழுத்துக் காட்டினார். ஜெனரலின் மனைவி மேவிஸ் ஊற்றிய காப்பி இரண்டு முறை ஆறியது. இரண்டரை மணி நேரம் கழித்துக் கொக்கி முன்னால் என்று தீர்ப்பானது. ஜெனரல் கட்டின் கடைசித் தாளில் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்டில் ஆயிரம் பிரதிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ஆளுக்கொன்றைப் பறித்துக்கொண்டு எல்லோரும் முதலில் ஈட்டிப் பக்கத்தைத்தான் தேடினார்கள்.

“ஜெனரல்,” என்றான் கோர்டி, சாவு வீட்டுக் குரலில். “பத்தொம்பதுல கொக்கி பின்னால பாக்குது. அச்சுக்காரன் படத்தத் திருப்பிப் போட்டுட்டான்.”

அந்தத் துக்கம் பத்து நிமிஷம் நீடித்தது. ஈட்டியில் ஆர்வமில்லாத மேவிஸ் மட்டும் புத்தகத்தை முதலிலிருந்து பிரித்தாள்.

“வெண்டல், ஆயுதப் பட்டியல்னு உன் பேர எவ்வளவு அழகா போட்டிருக்காங்க பாரேன்.”

அவர் வாங்கிப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

“என்னது இது?”

“நீங்க கையெழுத்துப் போட்டது,” என்றாள் ஆர்டிஸ்.

“திங்கக்கிழமை ஆபீசுக்கு வராத.”

“சரி.”

வீட்டுக்கு அவள் சம்பளம் இல்லாமல் எப்படி ஓடும் என்பதை ராத்திரிதான் யோசிக்க வேண்டும். மூன்று நோட்டுகளையும் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

கோர்டி வாசல்வரை பின்னாலேயே வந்தான். “ஆர்டிஸ், நாங்க சுரங்கத்துல அஞ்சாவது தளத்துல நிக்கிறோம். பாலம் பாதி இறங்கியிருக்கு.”

“சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. கீழ்த்தளத்துல துணி துவைக்கற மிஷின் இருக்கும். அது பக்கத்துல உட்கார முடியும்னா வாங்க.”

ஏழு பேரும் வந்தார்கள். மிஷினுக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் நடுவில் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். லைல் தன் நாற்காலியைத் தங்கை பக்கத்தில் போட்டான். இப்போதைக்கு அவன் வீரம் அவ்வளவுதான்.

ஜெனரல் வீட்டில் உட்கார்ந்து கறுப்பு மையால் பிரதி பிரதியாக அவள் பெயர் இருந்த வரியை அழித்துக்கொண்டிருப்பதாக மேவிஸ் கடைத்தெருவில் சொன்னாள். நானூறு வரை அழித்தாராம். மீதி அறுநூறு அதற்குள் தபாலில் போய்விட்டது, ஒஹாயோவுக்கும் இந்தியானாவுக்கும். அழித்த நானூறில், முகப்பில் ‘ஆயுதப் பட்டியல்: வெண்டல் ஸ்டாட்லர்’ என்ற வரி மட்டும் தனியாக நின்றது.

மூன்றாவது சனிக்கிழமை அவர் ஹாக்கன்சன் வீட்டுக் கீழ்த்தளப் படியில் இறங்கி வந்தார், விரல் நகமெல்லாம் கறுப்பாக. யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் உட்கார ஒரு சலவைக்கூடையைத் தேடிக் கவிழ்த்துக்கொண்டார்.

“என் ஆளு எங்க?”

“செத்துட்டாரு,” என்றாள் ஆர்டிஸ்.

“நான் இல்லாதப்பவா?”

“பாலத்துல யாரு முன்னால போறதுன்னு கேட்டேன். எல்லாரும் உங்களக் காட்டினாங்க. நீங்க ஒண்ணும் சொல்லல.”

அவள் புது ஆளை எழுதிக்கொள்ள ஒரு வெற்றுத் தாளை அவர் பக்கம் தள்ளிவிட்டு, கோர்டியைப் பார்த்துத் திரும்பினாள்.

“கயிறு அறுந்துருச்சு. என்ன பண்ற?”