சாப்பிடுகிறவருக்கு ஆபத்தில்லை

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் என் அண்ணன் சடையப்பன் மூச்சுச் சோதனைக்காக மூன்றாவது முறையாகக் குழாயை ஊதிக்கொண்டிருந்தான். மூக்கில் கிளிப் மாட்டியிருந்தார்கள். "ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க" என்று நர்ஸ் சொல்லச் சொல்ல அவன் முகம் கறுத்தது. திரையில் கோடு கொஞ்சம் ஏறி அப்படியே படுத்துவிட்டது. எங்கள் ஊர் தேவனாம்பட்டினத்தில் அப்போதெல்லாம் படகின் புரொப்பல்லரில் வலை சிக்கினால் கத்தியைக் கடித்துக்கொண்டு அடியில் முங்குவது அவன்தான். மேலே நிற்கிறவர்கள் பயந்து கூப்பாடு போட ஆரம்பித்த பிறகுதான் தலையைக் காட்டுவான். நாற்பத்தொரு வயதுதான் ஆகிறது. இப்போது செருப்பு மாட்டக் குனிந்தாலே இரைக்கிறது.

சுருக்குமடி வலைக்குத் தடை வந்து படகு கரையில் ஏறியபோது, நான்தான் அவனை எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டேன். பிஸ்கட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் வாசனை தயாரிக்கிற கம்பெனி. அங்கே ஏசி அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாசனைக்கும் பாதுகாப்புக் கோப்பு எழுதுவது என் வேலை. ஒரு பிஸ்கட்டில் அது எவ்வளவு சேரும், ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை தின்பார், எந்த அளவைத் தாண்டினால் உடம்புக்கு ஆகாது என்றெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்து, 'சாப்பிடுகிறவருக்கு ஆபத்தில்லை' என்று கையெழுத்துப் போடுவேன். பெரிய நீதிபதி என்று நினைப்பு எனக்கு. அண்ணனுக்கு என்னைவிடப் பெருமை. "எங்க சத்யப்பிரியா கையெழுத்து இல்லாம ஒரு பிஸ்கட்டு வெளிய போவாது" என்று கடலூர் முதுநகர் வரைக்கும் அளந்துவிட்டிருந்தான்.

அவனுக்குக் கலவை அறையில் வேலை. வெண்ணெய் வாசனைக்கு டைஅசிட்டைல் என்று ஒரு மஞ்சள் திரவம் வரும். அதைச் சூடான எண்ணெயில் கலக்க வேண்டும். கடலில் மீன் கூட்டம் போன வாடையைக் காற்றிலேயே பிடிக்கிற மூக்கு அவனுக்கு. சூப்பர்வைசர் திருநாவுக்கரசு அதைக் கண்டுபிடித்துவிட்டார். கலவை பதம் வந்ததா என்று பார்க்க மீட்டரைத் தேடுவதை விட்டுவிட்டு, "சடையப்பா, மோந்து சொல்லு" என்பார். அண்ணன் டிரம்முக்குள் தலையை விட்டு ஆழமாக இழுத்து, "இன்னும் ரெண்டு நிமிஷம் சார்" என்பான். அவன் சொன்ன பதம் ஒருநாளும் தப்பியதில்லை. ஒரு நாளைக்கு முப்பது தடவை என்று நான்கு வருஷம் அப்படி இழுத்தான்.

சேர்ந்த புதிதில் கேண்டீனில் என்னிடம் கேட்டான். "மூடியத் தொறந்தா கண்ணு எரியுது பாப்பா. மாஸ்க்கு எதுனா கேக்கட்டா?"

"சாப்பிடுற பொருள்தாண்ணா. ஒண்ணும் பண்ணாது" என்றேன். தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

தெரியாமல் சொன்னேன் என்றால் பொய். அந்தத் திரவத்தோடு வந்த தாள்களில், ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் கெடும் என்று ஒரு வரி இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் படித்திருந்தேன். என் படிவத்தில் தின்கிறவருக்குக் கட்டம் உண்டு, மோந்து பார்க்கிறவருக்கு இல்லை. கட்டம் இல்லாதது என் வேலை இல்லை என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். டிரம்முக்குள் தலையை விடுகிறவன் என் அண்ணன் என்பது அப்போது என் புத்தியில் ஏறவே இல்லை.

டாக்டர் அம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுரையீரலின் சின்னச் சின்னக் குழாய்கள் தழும்பாகி அடைத்துவிட்டன, அவை இனித் திறக்காது, மிச்சம் இருப்பதைத்தான் காப்பாற்றலாம் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு, "என்ன கெமிக்கல்ல வேலை செய்யறீங்க?" என்று கேட்டார்.

"கெமிக்கல்லாம் இல்லம்மா, பிஸ்கட்டுல போடறதுதான்" என்று அண்ணன் என்னைக் காட்டினான். "எந்தங்கச்சியே பாத்துக் கையெழுத்துப் போட்டுருக்கு." அந்த நிலையிலும் அவன் குரலில் பெருமை இருந்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

டாக்டர் ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். அந்தத் திரவத்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். "இனிமே அந்த ரூம் பக்கமே போகாதீங்க."

கடலூர் பஸ்ஸில் அவனுக்கு ஜன்னலோரத்து இடம் கிடைத்தது. பரங்கிப்பேட்டைக்குப் போகிற ஒரு கூட்டம் ஏறி நெருக்கியடித்தது. அண்ணன் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப மாஸ்க்கு போட்டுருக்கணுமா பாப்பா?"

"ஆமாண்ணா."

தலையாட்டிக்கொண்டான். அடுத்த பேச்சுக்கு மூச்சு சேர்க்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "சரி வுடு, அழுவாத. உனக்குத் தெரிஞ்சிருந்தா... சொல்லாமயா இருந்திருப்ப?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவன் என் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தான். "தண்ணி குடிக்கிறியாண்ணா?" என்றேன்.

வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியதும் கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. அண்ணன் ஜன்னல் கண்ணாடியை முழுசாகத் தள்ளிவிட்டு, முகத்தை அதற்குக் கொடுத்து, வாயை அகலத் திறந்துவைத்துக்கொண்டான். சட்டை உப்பிப் படபடத்தது. அவன் எவ்வளவு இழுத்தும் சட்டைக்குள்ளே நெஞ்சு ஏறவே இல்லை.